இன்னைக்கு எது சரியா வரல?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைகிறவர்கள் இன்றைக்கு என்ன ஸ்பெஷல் என்று கேட்பார்கள். எங்கள் மேடம் பரிமாற வருகிறவரை நிறுத்தி, "இன்னைக்கு எது சரியா வரல?" என்று கேட்பார்.

முதல் நாள் அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது என்று அவர் சமாளித்தார். ஏதாவது ஒன்று சொதப்பியிருக்கும், பரவாயில்லை, சொல்லுங்கள் என்று மேடம் விடவில்லை. கடைசியில் அவர் குனிந்து, குடும்ப ரகசியத்தைச் சொல்வதுபோல, கோசுப் பொரியலில் உப்பு கை மீறிவிட்டது என்றார். மேடம் அதையே இரண்டு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உப்பு போட்டது யார், போடும்போது அவர் கவனம் எங்கே இருந்தது என்றெல்லாம் சினிமாக் கதை கேட்கிற முகத்தோடு விசாரித்தார். அதன்பிறகு நாங்கள் படியேறும்போதே சமையல்காரர் உள்ளேயிருந்து தலையை நீட்டி, "இன்னைக்கு ரசம், மேடம்" என்று தானாகவே ஒப்புக்கொள்ளத் தொடங்கினார்.

நான் அவருடைய வேன் டிரைவர். அறிவியல், தொழில்நுட்பம் என்று தலைக்குள் ஏதாவது சுற்றிக்கொண்டிருக்கிற இளம்பிள்ளைகளுக்கு ஓர் அறக்கட்டளை ஃபெலோஷிப் கொடுத்துவந்தது. ஒரு வருடத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை, வேலை செய்ய ஒரு பட்டறை, கூடவே வழிகாட்ட ஓர் ஆள். அந்த ஆள்தான் மேடம். பட்டறை, அதே பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. பிள்ளைகளையும் அவர்களுடைய இயந்திரங்களையும் கிள்ளான், பூச்சோங், காஜாங் என்று ஏற்றி இறக்குவது என் வேலை. மேடத்துக்கு வயது நாற்பதுக்குள் இருக்கும். நான் அப்போதே ஐம்பதைத் தாண்டிவிட்டேன். ஆகவே எனக்கு அவர் மேடம், அவருக்கு நான் அண்ணே. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், இதில் எந்த இடம் சரியாக வரவில்லை என்று கேட்டு மெசேஜ் வரும்.

படிப்பைப் பற்றிக் கேட்காதீர்கள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் மன்னித்துப் பிரிந்துவிட்டோம். பட்டறையில் பிள்ளைகள் பேசுவதில் எனக்குப் புரிந்த ஒரே சொல் "சார்ஜ்". அதுவும் போன் விஷயத்தில் மட்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பட்டறைக் கதவின் கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது. மறுநாள் காப்பி இயந்திரம். அதற்கடுத்து, ஒரு பையன் ஆறு மாதம் உழைத்துச் செய்த கைவிளக்கை, எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் திருகிவிட்டேன். அது இரண்டாகப் பிரிந்து நின்றது. சம்பளக் கணக்கு இன்றோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வேன் சாவியை மேசைமேல் வைத்தேன். மேடம் அந்த இரண்டு துண்டுகளையும் பொருத்திப் பொருத்திப் பார்த்தார். முகத்தில் ஒரே சந்தோஷம்.

"அண்ணே, நீங்க இத்தனை நாளா எங்க இருந்தீங்க?" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு உத்தியோகம். காலையில் ஓட்டுவது, மத்தியானம் உடைப்பது. எந்தப் பிள்ளை எதைச் செய்தாலும் முதலில் என் கையில் கொடுக்கச் சொல்வார். எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கக்கூடாது. நான் அதை வைத்துக்கொண்டு விழிப்பேன், தட்டுவேன், தலைகீழாகப் பிடிப்பேன். மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து ரசிப்பார். எங்கள் அம்மா என்னை உதவாக்கரை என்று திட்டிய அதே குணத்துக்கு இங்கே மாதச் சம்பளமும் மருத்துவச் செலவும் தந்தார்கள்.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஏதாவது ஒன்று சரியாக ஓடினால் மேடம், "சரி, அடுத்தது?" என்பதோடு நிறுத்திக்கொள்வார். புகைந்தாலோ, வெடித்தாலோ, வேலை செய்யாமல் ஊமையாக நின்றாலோ, கீழே போய் எல்லாருக்கும் வடை வாங்கிவரச் சொல்வார். சூடாக, தேங்காய்ச் சட்னியோடு. தோற்ற பிள்ளைக்கு முதல் வடை. அதைச் சாப்பிட்டுக்கொண்டே எங்கே போச்சு, ஏன் போச்சு என்று அந்தப் பிள்ளையே எல்லாருக்கும் சொல்ல வேண்டும். வடைக்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே, "இன்னைக்கு என்ன அண்ணே, வெடிச்சதா புகைஞ்சதா?" என்று கேட்டுக்கொண்டே எண்ணெயில் போட ஆரம்பிப்பார்.

காஜாங்கிலிருந்து ஒரு பையன் நேர்முகத்துக்கு வந்தான். தணலில் வாட்டும் சாத்தே இறைச்சிக் குச்சிகளைத் தானாகத் திருப்பிப் போடும் இயந்திரம் செய்கிறேன் என்றான். கோப்பு நிறையச் சான்றிதழ், பரிசு வாங்கும் படங்கள். மேடம் அதைத் திறக்கவே இல்லை. இதுவரை இதில் எது சொதப்பியது என்று மட்டும் கேட்டார். எதுவும் இல்லை என்று அவன் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னான். அப்படியானால் இன்னும் செய்யவே ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது, ஏதாவது ஒன்று கெட்டதும் வாருங்கள் என்று தன்மையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். பையன் முகம் தொங்கிப்போய் என் வேனில் ஏறினான். ரயில் நிலையம் வரை மூக்கை உறிஞ்சினான். மறுவருடம் அவனே திரும்பி வந்தான். ஒரு புருவம் பாதிதான் இருந்தது. நெருப்பு எப்படித் தாவியது, எந்தப் பல்சக்கரம் உருகியது என்று அவன் கதை சொல்லச் சொல்ல, மேடம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். அன்றைக்கே எடுத்துக்கொண்டார். அவன் இயந்திரம் முதல் சோதனையில் சாத்தேயைத் திருப்பவில்லை, எறிந்தது. என் வெள்ளைச் சட்டையில் சாத்தேக்குத் தொட்டுக்கொள்ளும் கடலைக் குழம்பு விழுந்த இடம் இன்னும் இருக்கிறது.

எல்லாருக்கும் இது பிடித்தது என்று சொல்ல முடியாது. ஒரு தகப்பனார் பட்டறைக்கே வந்து, என் மகன் தோற்றதற்கு நீங்கள் பலகாரம் கொடுத்துக் கொண்டாடுகிறீர்களாமே, இது என்ன பழக்கம் என்று சத்தம் போட்டார். மேடம் அவர் கையிலும் ஒரு வடையைக் கொடுத்துவிட்டார். வடையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எவ்வளவு நேரம் கோபமாக இருக்க முடியும்? சட்னி சொட்டுகிறது.

எனக்கே சில நாள் சங்கடமாக இருக்கும். பிள்ளை அழுகிற நிலையில் நிற்கும்போது இந்த அம்மா சிரிக்கிறாரே என்று. ஒருமுறை பெட்டாலிங் ஜெயா தாண்டி நெரிசலில் வேன் நகராமல் நின்றபோது கேட்டேவிட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"நான் ஸ்கூல்ல எப்பவுமே ஃபர்ஸ்ட்டு அண்ணே. யுனிவர்சிட்டில ஒரு பேப்பர் ஃபெயில். வீட்டுக்கு வந்தா எல்லாரும் மெதுவா பேசுறாங்க. டிவி சவுண்ட கொறைச்சிட்டாங்க. கேதம் விழுந்த வீடு மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு யாராச்சும் ஒரு ஆள், எந்தக் கேள்விய விட்ட, வா சாப்புட்டுக்கிட்டே பேசலாம்னு சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

நான் ஆறாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் தோற்றுப்போனபோது எங்கள் வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள், நான் அழுவது அக்கம்பக்கம் கேட்காமல் இருக்க, என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து லோரிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

தர்ஷினி என்ற பெண் வந்தது அதற்குப் பிறகு. கிள்ளான் பிள்ளை. ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலையில் இருந்தவள், அதை விட்டுவிட்டு ஃபெலோஷிப்புக்கு வந்திருந்தாள். அவளுடைய அம்மா ஒரே ஒரு வருடம்தான் தவணை கொடுத்திருந்தார். இரண்டாம் வருட உதவித்தொகை கிடைத்தால் தொடரலாம். இல்லையென்றால் மறுபடி நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு தொழிற்சாலை பஸ் ஏற வேண்டும். இதை அவள் எல்லாரிடமும் வெளிப்படையாகவே சொல்லுவாள்.

அவள் செய்தது வெள்ள எச்சரிக்கைப் பெட்டி. கிள்ளானில் வெள்ளம் எப்படி வரும் என்று எங்களுக்குத் தெரியும். மழை பெய்யும்போது வராது. மழை விட்டு, அப்பாடா என்று தேத்தண்ணி போட்டு உட்காரும்போது வரும். வீட்டு முன்னால் இருக்கும் கால்வாயில், லோங்காங் என்போம், இவள் பெட்டியை வைத்துவிட்டால், தண்ணீர் ஏறியதும் உள்ளே ஒரு மிதவை மேலே போகும். உடனே தெருமுனைக் கம்பத்தில் சைரன் அடிக்கும். கதவைத் தாண்டித் தண்ணீர் வருவதற்குள் சாமான்களை மாடிக்கு ஏற்றிவிடலாம்.

இதைச் சோதிக்க ஒரு நல்ல இடம் வேண்டும் என்று வேனில் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கிள்ளானிலேயே சுலபமாக மூழ்குகிற வீடு என்னுடையதுதான், மேகம் கறுத்தாலே எங்கள் குளியலறையில் தவளை வந்து டோக்கன் எடுத்து உட்காரும் என்று பெருமை அடித்தேன். அடுத்த வாரமே எங்கள் தாமானில், குடியிருப்பை அப்படித்தான் சொல்வோம், எங்கள் வீட்டு வரிசையில், என் வீட்டுக்கு எதிரே பெட்டி வந்துவிட்டது. அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் நான்தான் விளக்கம் சொன்னேன். எனக்கே புரியாததால் எல்லாரும் நம்பினார்கள்.

பெட்டி வைத்த பிறகு முதல் வெள்ளிக்கிழமை வந்தது. மாலை ஐந்தரை மணி. வெயில் பளிச்சென்று அடிக்கிறது, வானத்தில் ஒரு மேகம் கிடையாது. சைரன் கத்தியது.

எங்கள் வரிசை ஒருமுறை முழுகியெழுந்த வரிசை. யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டில் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற அங்கிள் ஒருவர், தன் சிவப்புக் காரைப் பெற்ற பிள்ளையைவிட ஒருபடி மேலாக வைத்திருப்பவர், அதை எடுத்துக்கொண்டு கோயில் மேட்டுக்குப் பறந்தார். என் வீட்டுக்காரி அரிசி மூட்டையை இடுப்பில் வைத்து மாடி ஏறிவிட்டாள். நான் குடும்பத் தலைவன் என்பதைக் காட்ட வேண்டாமா? குளிர்ப்பெட்டியைத் தனியாகத் தூக்கினேன். படிக்கட்டுத் திருப்பத்தில் அது நின்றுவிட்டது. அதற்கும் சுவருக்கும் நடுவில் நானும் நின்றுவிட்டேன். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. பெட்டிக் கதவு திறந்து, ஒரு முட்டை என் தலையில் இறங்கியது.

தகவல் தெரிந்து மேடமும் தர்ஷினியும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வந்து சேரும்வரை என்னை யாராலும் உருவ முடியவில்லை. மேடம் படிக்கட்டின் கீழே நின்று என்னை அண்ணாந்து பார்த்தார். அடிபட்டதா என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

"அண்ணே, சைரன் அடிக்கிறப்ப தெருவுல யாரு யாரு என்ன செஞ்சிக்கிட்டு இருந்தாங்க?" என்று கேட்டார்.

நான் மஞ்சள் கரு கண்ணில் வழிய யோசித்தேன். என்ன செய்வார்கள்? வெள்ளிக்கிழமை சாயங்காலம். விளக்கு ஏற்றுவதற்கு முன்னால் எல்லா வீட்டிலும் வாசல் கழுவுவார்கள். வரிசை முழுக்க ஒரே நேரத்தில் குழாயைத் திறந்து, வாசலைத் தேய்த்து, சாமி படத்துக்குப் பூப்போடும் முன் வெளிக்கதவு வரை தண்ணீர் அடிப்பார்கள். அங்கிள் காரையும் அப்போதுதான் குளிப்பாட்டுவார். அத்தனை வீட்டுத் தண்ணீரும் சேர்ந்து ஒரே கால்வாயில் இறங்கினால் மிதவை மேலே போகாமல் என்ன செய்யும்? தர்ஷினி மாதக்கணக்காகக் கணினியில் மழை பெய்ய வைத்துப் பார்த்திருந்தாள். வெள்ளிக்கிழமை வாசல் கழுவும் வழக்கம் அவள் வீட்டிலும் உண்டு. அவளே சின்ன வயதிலிருந்து கழுவியிருக்கிறாள். ஆனாலும் அது அவள் கணக்கில் வரவில்லை.

வடை வரிசை முழுவதற்கும் வந்தது. கோயில் மேட்டிலிருந்து காரைத் திருப்பிக் கொண்டுவந்த அங்கிள் மட்டும் வாங்க மறுத்துவிட்டார். தர்ஷினியும் சாப்பிடவில்லை. வேனின் பின்சீட்டில் போய் முகத்தை மூடி உட்கார்ந்துகொண்டாள். மேடம் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் அங்கேயே நின்றேன்.

"எல்லாரும் என்னைப் பாத்து சிரிக்கிறாங்க மேடம்."

"உன்னைப் பாத்து இல்ல லா. அண்ணன் தலையில முட்டை விழுந்ததுக்குச் சிரிக்கிறாங்க. உன் பெட்டி ஒழுங்காத்தான் வேலை செஞ்சிருக்கு. தண்ணி ஏறிச்சு, அடிச்சிச்சு. எந்தத் தண்ணின்னுதான் அதுக்குத் தெரியல. உனக்குத் தெரியுமா?"

தர்ஷினி முகத்திலிருந்து கையை எடுத்தாள். "தெரியாது" என்றாள். மேடம் அவள் மடியில் வடையை வைத்துவிட்டு இறங்கிவிட்டார்.

அடுத்த வெள்ளியும் சைரன் அடித்தது. அன்றைக்குப் பாதிப் பேர்தான் ஓடினார்கள். அதற்கடுத்த வெள்ளி யாரும் ஓடவில்லை. அங்கிள் ஏணி போட்டு ஏறித் தன் பழைய பனியனைச் சைரனுக்குள் திணித்துவிட்டு இறங்கினார். அது கம்பத்தில் இருமல் வந்த கிழவன் மாதிரி முனகியது. அதைப் பார்த்தபோது மேடம் முதல்முறையாகச் சிரிக்கவில்லை. இனி நிஜமாகவே வெள்ளம் வந்து சைரன் அடித்தாலும் இந்த வரிசையில் ஒரு ஆளும் நாற்காலியை விட்டு எழ மாட்டார் என்று எனக்கே தெரிந்தது. தர்ஷினிக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

மறு வெள்ளிக்கிழமை அவள் தனியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் குடையுமாக வந்து கால்வாய் ஓரத்தில் உட்கார்ந்தாள். மத்தியானத்திலிருந்து இருட்டும்வரை தண்ணீரையே பார்த்தாள். என் வீட்டுக்காரி, இந்தப் பெண்ணுக்கு ஏதும் ஆகிவிடப்போகிறது என்று பயந்து, மீகோரேங் நூடுல்ஸ் வறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாசல் தண்ணீர் மேலிருந்து வந்து சீக்கிரம் ஓடிப்போகிறது. வெள்ளமோ கீழேயிருந்து வரும். ஆறு நிரம்பி, பெரிய கால்வாய் நிரம்பி, எங்கள் கால்வாயின் வாய்க்குள் தண்ணீர் திரும்பி ஏறும். அந்த வாய்ப்பக்கத்தில் இன்னொரு பெட்டி வைத்து, இரண்டிலும் ஒன்றாகத் தண்ணீர் ஏறினால் மட்டும் சைரன் அடிக்கும்படி செய்தால் போதும் என்று அவள் கண்டுபிடித்தாள். இவ்வளவையும் எனக்குப் புரிகிறவரை திரும்பத் திரும்பச் சொன்னாள். நேரமாயிற்று. மீகோரேங் ஆறிவிட்டது.

அதற்குள் வருடம் முடிகிற நேரம் வந்துவிட்டது. இரண்டாம் வருட உதவித்தொகை யாருக்கு என்று முடிவு செய்யும் குழு மூன்று பேர். நேரில் வந்து பார்ப்பார்கள். எந்த நாள் வசதி என்று அவர்கள் கேட்டார்கள். தர்ஷினி செவ்வாய் என்றாள். புதிய பெட்டியை வைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஒரு வெள்ளிக்கிழமையையும் அது பார்க்கவில்லை. நான் சனி நல்ல நாள் என்றேன். மேடம், முடிவு அவளுடையதுதான் என்று சொல்லிவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டார்.

"எந்த நாள் நீ ரொம்பப் பயப்படுற?"

தர்ஷினி அவரை முறைத்தாள். அப்புறம் போனை எடுத்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரச்சொல்லிக் குழுவுக்குச் செய்தி போட்டாள். அனுப்பிவிட்டு, "இப்ப சந்தோஷமா?" என்று மேடத்தைக் கேட்டாள். மேடம் வேனில் ஏறிக்கொண்டார். அன்றைக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் வரும்வரை அவர் நகம் கடித்ததை நான் கண்ணாடியில் பார்த்தேன். அதற்கு முன் நான் பார்த்ததே கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். தலைவர் ஓய்வுபெற்ற மலாய்க்காரப் பொறியாளர், அமைதியான மனிதர். எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். மேடம் வீடுவீடாகப் போய், இன்றைக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தண்ணீர் அடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தார். தண்ணீர் அடிக்கச் சொல்லி வேண்டினால் எங்கள் ஆட்கள் விடுவார்களா? எல்லாக் குழாயும் திறந்தது. சோப்புத்தூள் வாரி இறைத்தார்கள். சைரனிலிருந்து பனியனை எடுத்துத் தந்த அங்கிள், சுத்தமாக இருந்த காரை மறுபடி கழுவினார். கால்வாய் நுரை பொங்கி ஓடியது. முதல் பெட்டியின் மிதவை மேலே போவது மூடி வழியாக நன்றாகவே தெரிந்தது.

நாங்கள் கம்பத்தைப் பார்த்தோம். சைரன் சத்தமே போடவில்லை.

வரிசை முழுக்கக் கைதட்டினார்கள். நான் விசிலடித்தேன். தர்ஷினி கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டாள். பொறியாளர் மட்டும் கைதட்டவில்லை. அவர் மலாயில் தன்மையாகத்தான் கேட்டார். அமைதியாக இருக்கிறது, சரி. ஆனால் செத்துப்போயிருந்தாலும் இப்படித்தான் அமைதியாக இருக்கும். இது உயிரோடு இருக்கிறது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

தர்ஷினி கால்வாயின் வாய்ப்பக்கம் கையைக் காட்டினாள். இரண்டாவது பெட்டியின் மிதவையைக் கையால் தூக்கிக் காட்டுகிறேன் என்றாள். கை தூக்கினால் சைரன் அடிக்கும், தண்ணீர் தூக்குமா என்றுதானே பார்க்க வேண்டும் என்றார் அவர். அதற்கு மழை வேண்டும், ஆறு நிரம்ப வேண்டும். வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. குழு அன்றோடு முடிவு எழுதியாக வேண்டும். தர்ஷினி உதட்டைக் கடித்துக்கொண்டு மேடத்தைப் பார்த்தாள்.

மேடத்துக்கோ கண்ணெல்லாம் வெளிச்சம். நல்ல கேள்வி, நல்ல கேள்வி என்று தனக்குள் சொல்லிக்கொண்டே கால்வாய் ஓரமாக நடந்து, அது பெரிய கால்வாயில் போய்ச் சேரும் வாய்வரை போனார். அங்கே நின்று அகலத்தைக் கையால் அளந்தார். பிறகு திரும்பி, வரிசைக்கே கேட்கும்படி என்னைக் கேட்டார்.

"அண்ணே, உங்க இடுப்பளவு என்ன?"

எனக்கு விஷயம் விளங்கும் முன்பே என் வீட்டுக்காரிக்கு விளங்கிவிட்டது. நல்ல கால்சட்டையை மாற்றிக்கொண்டு இறங்கச் சொன்னாள். சாரத்தைக் கட்டிக்கொண்டு, இரண்டாவது பெட்டிக்கு அப்பால், கால்வாயின் வாயில் போய்க் குறுக்கே உட்கார்ந்தேன். ஐம்பது வருடம் நாசிலெமாக் தேங்காய்ச் சோறு சாப்பிட்டு வளர்த்த உடம்பு அறிவியலுக்குப் பயன்படும் என்று எந்த மருத்துவரும் என்னிடம் சொன்னதில்லை. நுரைத்தண்ணீர் முதுகில் வந்து மோதியது. மல்லிகைப்பூ ஒன்று மிதந்து வந்து சாரத்தில் ஒட்டியது. தண்ணீர் கொஞ்சம் ஏறியது, அப்புறம் நின்றுவிட்டது. என் வலப்பக்கம் ஒரு சந்து இருந்தது. இவ்வளவு உடம்பு இருந்தும் போதவில்லை என்பதை நம்பவே கஷ்டமாக இருந்தது. தண்ணீரெல்லாம் அந்தச் சந்து வழியாக ஓடிக்கொண்டிருந்தது.

தர்ஷினி மண்மூட்டை ஏதும் கிடைக்குமா என்று ஓடினாள். அவள் திரும்புவதற்குள் மேடம் செருப்பைக் கழற்றிவிட்டார். குழு வருகிறது என்று அன்றைக்குக் கட்டிவந்த கரும்பச்சைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கால்வாய்க்குள் இறங்கி, என் பக்கத்தில் அந்தச் சந்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேலே நின்ற பொறியாளர் ஒரு எட்டு பின்னால் போனார். என் வீட்டுக்காரி போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தாள்.

"மேடம், இது வேலை செய்யலன்னா?" என்றேன் மெதுவாக.

"செய்யலன்னா ஏன் செய்யலன்னு பாக்கலாம்ணே" என்றார். ஆனால் என் முழங்கையை அவர் இறுக்கிப் பிடித்திருந்தார்.

தண்ணீர் எங்கள் முதுகில் ஏறியது. இடுப்புக்கு மேலே வந்தது. நுரை என் காது வரை வந்து குசுகுசுத்தது. மண்மூட்டை கிடைக்காமல் வெறுங்கையோடு ஓடிவந்த தர்ஷினி, கரையில் மண்டியிட்டுப் பெட்டிக்குள்ளேயே பார்த்தாள். மிதவை ஆடுகிறது, ஆடுகிறது என்றாள்.

கம்பத்தில் சைரன் வீறிட்டது.

எல்லாருக்கும் அது சோதனை என்று தெரியும். எல்லாரும் குழாயும் கையுமாக அங்கேயேதான் நின்றார்கள். ஆனாலும் அந்தச் சத்தம் வந்த அந்தக் கணத்தில் குழாய்களெல்லாம் கீழே விழுந்தன. அங்கிள் நுரையோடு இருந்த காருக்குள் பாய்ந்து ஏறிக் கோயில் மேட்டுக்கு விட்டார். மூன்றாவது வீட்டில் டிவியைத் தூக்கிக்கொண்டு படி ஏறுவது ஜன்னலில் தெரிந்தது. என் வீட்டுக்காரி போனைச் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினாள். சும்மா சோதனைதானே என்று கால்வாய்க்குள்ளிருந்து கத்தினேன்.

"தெரியும். அரிசி மூட்டை கீழ இருக்கு" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு நிமிடத்தில் தெரு காலி. அவிழ்த்துவிட்ட குழாய் ஒன்று பாம்பு மாதிரி நெளிந்து பொறியாளரின் சப்பாத்துக் காலை நனைத்துக்கொண்டிருந்தது. அவர் நகரவில்லை. ஆளில்லாத வாசல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மாடி ஜன்னல்களைப் பார்த்தார். பிறகு மற்ற இருவரிடமும் ஏதோ சொல்ல, அவர்கள் தலையாட்டினார்கள். தர்ஷினியின் பக்கம் குனிந்து, அடுத்த வருடம் இதை எத்தனை தாமானில் வைக்கலாம், அதற்கு உனக்கு என்னென்ன வேண்டும் என்று யோசித்து வை என்றார். சைரன் சத்தத்தில் அவரே கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அவள் வாயைத் திறந்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கன்னத்தைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து, எங்களைத் தூக்கிவிட இரண்டு கையையும் நீட்டினாள்.

மேடம் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. தலைமுடியில் நுரை, சேலை முழுக்கச் சேறு, கண்ணை மூடிக் கால்வாய்ச் சுவரில் தலையைச் சாய்த்திருந்தார்.

"இரு லா, தர்ஷினி. நாங்க எழுந்தா நின்னுரும்" என்றார். "அண்ணே, நீங்களும் அசையாதீங்க. இன்னும் கொஞ்ச நேரம் அடிக்கட்டும்."